காலியாகத் திரும்பிய புட்டிகள்

அத்தியாயம் பதினேழு

ஆய்வு மையத்துக் கடிதத்தை மாரென் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தாள் அல்லவா, அது போன வியாழக்கிழமை. பிப்ரவரி மாதத்தில் அந்தப் பெட்டியை யார் திறக்கப்போகிறார்கள்? அவள் நினைத்தது சரிதான். ஆனால் ஹிர்ட்ஷால்ஸ் மாதிரி ஒரு துறைமுக ஊரில் ஒரு கடிதத்தை மட்டும் ஒளித்துவைத்து என்ன பயன்? அதே கடிதம் இன்னும் பதினோரு வீடுகளுக்குப் போயிருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரென் கர்ப்பமாக இருந்தபோது, ஓல்போர் நகரத்திலிருந்து ஒரு ஆய்வுக்காகக் கர்ப்பிணிகளைத் தேடி வந்தார்கள். தாய் சாப்பிடும் மீன் எண்ணெய் பிறக்கப்போகும் குழந்தையின் நெஞ்சைக் காக்குமா என்று பார்க்க வேண்டுமாம். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய் மாத்திரை, பாதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெய் மாத்திரை. எது யாருக்கு என்று வாங்கியவளுக்கும் தெரியாது, கொடுத்தவளுக்கும் தெரியாது. குழந்தைகளுக்கு ஐந்து வயது ஆன பிறகு இப்போதுதான் அந்த ரகசியத்தைத் திறந்திருக்கிறார்கள். மாரெனுக்குக் கிடைத்தது மீன் எண்ணெய். அந்த எண்ணெய் கிடைத்தவர்களின் குழந்தைகளுக்கு மூச்சிளைப்பு குறைவாக இருந்தது என்றும் கடிதத்தில் எழுதியிருந்தது.

மாரென் அதில் ஒரு மாத்திரையைக்கூட முழுங்கவில்லை.

முழுங்கிப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே இருப்பது மீன் எண்ணெய்தானோ என்று அப்போதே சந்தேகம், மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குடல் வாய்க்கு வந்தது. அந்த மாதங்களில் அவள் உயிர் வாழ்ந்தது கறுப்பு ரொட்டியின் ஓரத்தையும் ஆரஞ்சுச் சுளையையும் தின்றுதான். வேறு ஊராக இருந்தால் வெளியே சொல்லியிருப்பாள். எங்கள் ஊரில், அதுவும் மீன்பிடிப் படகுக்காரன் தோர்கிலைக் கட்டிக்கொண்டவள், மீனே ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது? கேட்டவர்கள் வருஷக்கணக்கில் சிரிப்பார்கள். நர்ஸ் வேறு ஒவ்வொரு முறையும் புட்டியில் மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பாள். அதனால் மாரென் நான்கு புட்டி மாத்திரையையும் ரகசியமாக நாத்தனார் லோனேயிடம் கொடுத்துவிட்டாள். அப்போது லோனேவும் கர்ப்பம். புட்டிகள் காலியாகத் திரும்பிப்போயின.

இப்போது மாரெனின் மகள் அல்வில்டாவுக்கு ஐந்து வயது. ஒரு வயதிலிருந்து இளைப்பு. லோனேவின் மகள் தீரா அவளைவிட மூன்று வாரம் சின்னவள். ஒரு நாள் கூட இருமிப் பார்த்ததில்லை.

கதை இங்கேதான் நிற்கிறது. இன்று செவ்வாய்க்கிழமை.

காலையில் எழுந்ததும் மாரென் ஜன்னலைப் பார்த்து மனம் சோர்ந்தாள். கடலில் புயல். படகுகள் எதுவும் வெளியே போகாது. தோர்கில் வீட்டில் இருப்பான். பதினொரு மணிக்கு ஓல்போர் ஆய்வு மையத்தில் அல்வில்டாவின் ஐந்தாம் வயது மூச்சுப் பரிசோதனை. இத்தனை வருஷமாக மாரென்தான் தனியாக அழைத்துப்போய் வந்தாள்.

தானும் வருவதாகத் தோர்கில் சொன்னான். பரிசோதனை வெறும் அரை மணி நேரம்தான், போரடிக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கூரையில் ஓடு ஆடுகிறது, அதைப் பார்க்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தாள். இந்தக் காற்றில் என்னைக் கூரை மேல் ஏற்றி ஒரேயடியாக அனுப்பிவிடப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

போகும் வழியில், படகில் தன்னோடு வேலை செய்பவனின் மனைவிக்கு ஆய்வுக் கடிதம் வந்துவிட்டதாகச் சொன்னான். அவளுக்கு ஆலிவ் எண்ணெயாம். நமக்கு எப்போது வரும் என்று கேட்டான்.

தபால் இப்போதெல்லாம் தாமதம்தான் என்றாள் மாரென். இதைச் சொல்லும்போது திரும்பிப் பின் இருக்கையில் இருந்த மகளின் தொப்பியைச் சரிசெய்தாள். தொப்பி சரியாகத்தான் இருந்தது.

அவளுடைய பயம் ஒன்று அல்ல, இரண்டு. உண்மை தெரிந்தால் தோர்கில் என்ன செய்வான் என்பது ஒன்று. மற்றது இன்னொரு குழந்தை. இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேண்டாம் என்கிறான். காரணம் கேட்டால் வெளியே போய்விடுகிறான். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. இன்னும் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருக்க முடியும்?

பரிசோதனை அறையில் அல்வில்டாவின் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, குழாயை வாயில் கொடுத்தார்கள். எதிரே திரையில் ஒரு கேக். அதன்மேல் எட்டு மெழுகுவர்த்தி. எவ்வளவு ஊதுகிறாளோ அவ்வளவு அணையும். தோர்கில் இதை முதல் முறையாகப் பார்க்கிறான். முதலில் அவனுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

அல்வில்டா ஊதினாள். மூன்று அணைந்தன. மறுபடியும் ஊதினாள். மூன்றுதான். மூன்றாம் முறை ஊதும்போது இருமல் வந்துவிட்டது. தோள் இரண்டும் ஏறி இறங்கின. நர்ஸ் முதுகைத் தடவிக்கொடுத்து நன்றாக ஊதினாய் என்றாள். குழந்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னும் அஞ்சு எரியுது அப்பா," என்றது.

தோர்கில் தலையை ஆட்டினான். அவன் முகத்தை அப்போது மாரெனால் பார்க்க முடியவில்லை.

குழந்தையை நர்ஸ் விளையாட்டு அறைக்கு அழைத்துப்போனாள். மருத்துவர் எஸ்ட்ரிட் இவர்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. மருந்தின் அளவைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். பிறகு, மாரென் எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். கடிதம் போன வாரமே வந்திருக்குமே, உங்களுக்கு மீன் எண்ணெய்.

தோர்கில் மனைவியைப் பார்த்தான். அவள் மேசையைப் பார்த்தாள்.

எஸ்ட்ரிட் பழைய கோப்பைப் புரட்டினார். நான்கு புட்டியும் காலியாகத் திரும்பியிருக்கின்றன, ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை, இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் குறைவு என்று பாராட்டினார்.

கடிதத்தை மறைத்ததற்குத் தோர்கில் கோபப்படுவான் என்று மாரென் நினைத்தாள். அவன் கோபப்படவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மருத்துவரைப் பார்த்து மெதுவாகப் பேசினான்.

"அப்போ இவ செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கா. பொண்ணுக்கு வந்தது என்கிட்டேருந்துதான். எங்கப்பா மூச்சு முட்டித்தான் போனாரு. அம்பத்தெட்டு வயசு. கடைசி வருஷம் படுக்கவே முடியல, உட்கார்ந்தேதான் தூங்குவாரு." மாரென் பக்கம் திரும்பாமலே மேலே சொன்னான். "இன்னொரு குழந்தை வேண்டாம்னு நான் சொன்னது இதுக்குத்தான். மாரென்கிட்ட சொல்ல முடியல. இன்னைக்கு நிச்சயமாச்சு."

அவன் கடிதம் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. தனக்கு வருத்தம் வரக் கூடாது என்றுதான் அவள் அதைக் காட்டாமல் வைத்திருந்தாள் என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

மாரெனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பேசாமல் இருந்தால் போதும். பழி அவளை விட்டுப் போய்விடும். அவள் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய கையைப் பிடித்திருந்த அந்தப் பெரிய கை சூடாக இருந்தது. பேசினால் அது விலகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பேசாவிட்டால் இந்த மனுஷன் சாகும்வரை தன் அப்பாவின் நெஞ்சைத் தன் நெஞ்சில் சுமப்பான், இரண்டாவது குழந்தையும் இந்த அறையிலேயே முடிந்துபோகும்.

"நான் அதைச் சாப்பிடல," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுகூட உள்ள போகல. வாந்தி. புட்டியைக் காலி பண்ணித்தான் கொண்டாந்து கொடுத்தேன். நாலு தடவையும்."

தோர்கில் கையை எடுத்துக்கொண்டான். உதறவில்லை. எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

மாத்திரைகளை என்ன செய்தாய் என்று எஸ்ட்ரிட் கேட்டார். குப்பையில் போட்டதாக மாரென் சொன்னாள். வேறு யாராவது சாப்பிட்டார்களா, அது முக்கியம் என்று இன்னொரு முறை கேட்டார். இல்லை என்றாள். லோனேவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தோர்கிலுக்கு அக்கா மேல் உயிர். ஒரே நாளில் அவனிடமிருந்து இரண்டு பேரைப் பிடுங்கக் கூடாது என்று நினைத்தாள்.

எஸ்ட்ரிட் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. ஒரு தாளை எடுத்து நீட்டி, நடந்ததை அப்படியே எழுதித் திங்கட்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னார். இத்தனை பேருக்கு நடுவில் நான்கு புட்டியால் ஆய்வின் முடிவு கவிழ்ந்துவிடாது, ஆனாலும் கோப்பில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும் என்றார்.

தோர்கில் ஒன்றுதான் கேட்டான். "சாப்பிட்டிருந்தா நல்லா இருந்திருப்பாளா?"

"தெரியாது," என்றார் எஸ்ட்ரிட். "நூறு குழந்தைங்களைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். அந்த எண்ணெய் கிடைச்ச நூறு பேர்லயும் இளைக்கிற குழந்தைங்க உண்டு. கிடைக்காத நூறு பேர்ல ஓடி ஆடுறதும் உண்டு. அம்மா சாப்பாடு ஒண்ணு, பரம்பரை ஒண்ணு, பிறந்த வருஷத்துச் சளி ஒண்ணு. உங்க பொண்ணுக்கு எதனாலன்னு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது."

திரும்பும்போது தோர்கில் ஒழுங்காகவே வண்டி ஓட்டினான். வழியில் நிறுத்தி அல்வில்டாவுக்கு ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக்கொடுத்தான். அவளோடு பேசினான், சிரிக்கக்கூடச் செய்தான். மாரெனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குள் வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. மனசு சரியில்லை என்றால் அவன் போகும் இடம் ஒன்றுதான், அக்கா வீடு.

லோனே சமையலறையில் காட் மீன் சினையை வட்ட வட்டமாக நறுக்கி வெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தாள். தம்பி உள்ளே வந்த விதத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னடா, படகு முழுகிடுச்சா என்று எப்போதும் போல வம்பிழுத்துப் பார்த்தாள். தீரா ஓடிவந்து அல்வில்டாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். போர்வையில் கூடாரம் கட்ட வேண்டும், உயரமான ஆள் வேண்டும் என்று மாமாவையும் கூப்பிட்டாள். அவனும் போனான்.

மாரென் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அடுப்பின் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் சொன்னாள். மெழுகுவர்த்தியிலிருந்து திங்கட்கிழமைத் தாள் வரை. நீ பயப்படாதே, உன் பெயரை எடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

"எங்க போச்சுன்னு சொன்ன?" என்று கேட்டாள் லோனே.

"குப்பைல போட்டுட்டேன்னு."

லோனே வாணலியை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். துணியில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"அப்போ நீ பொய் சொல்லல மாரென்."

மாரெனுக்குப் புரியவில்லை.

"நானும் முழுங்கல," என்றாள் லோனே. "தீராவுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு கலைஞ்சு போச்சு, உனக்குத் தெரியும். உள்ள என்ன எண்ணெய்னு கொடுக்கிறவங்களுக்கே தெரியாதுன்னு நீதான் சொன்ன. எனக்குப் பயம். ஆனா நீ அந்த நாற்காலில உட்கார்ந்து நர்ஸ் எண்ணுவா நர்ஸ் எண்ணுவான்னு அழுத. வேற என்ன செய்யச் சொல்ற? கொடுன்னு வாங்கிக்கிட்டேன். அலைதடுப்புச் சுவர் மேல நின்னு கடல்ல கொட்டினேன். நாலு புட்டியும்."

ஐந்து வருஷமாக அவள் தீராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் மணல்மேட்டில் ஏறினால் பார்ப்பாள், சைக்கிளில் பறந்தால் பார்ப்பாள், பாட்டுப் பாடினால் மூச்சு விடாமல் எத்தனை வரி பாடுகிறாள் என்று பார்ப்பாள். தன் மகளுக்கு வர வேண்டியது அங்கே போய்விட்டது என்று வயிறு எரிவாள். அந்தப் பொறாமைக்கு வெட்கப்பட்டுத்தான் இரண்டு வருஷமாகத் தீராவின் பிறந்தநாளுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தாள். இன்னொன்றும் உண்டு, அதை அவள் தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. வீணாகவில்லை, ஒரு குழந்தைக்காவது ஆயிற்று என்பதுதான் இத்தனை நாள் அவளுக்கு இருந்த ஆறுதல். அதுவும் இப்போது போய்விட்டது.

"அவளுக்கு நான் என்ன கொடுத்தேன்? ஒண்ணும் கொடுக்கல," என்றாள் லோனே. "உன் வீட்டுக்காரன் கொண்டாந்த கானாங்கெளுத்தியைத்தான் தின்னேன். ஊர்ல எல்லாரும் தின்னாங்க. எனக்கு இவ எப்படி நல்லா பிறந்தாள்னு எனக்குத் தெரியல மாரென். உன்கிட்ட சொல்லியிருக்கணும். அல்வில்டா இளைக்க ஆரம்பிச்சப்புறம் எந்த வாயால சொல்றது?"

வாசற்படியில் நிழல் தெரிந்தது. தோர்கில் கையில் ஒரு போர்வையோடு நின்றிருந்தான். துணி மாட்டும் கிளிப்பு கேட்க வந்தவன். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. லோனேவின் முகத்தைப் பார்த்தால் போதுமான நேரம் நின்றிருக்கிறான் என்றுதான் தோன்றியது.

அவன் கத்துவான் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"கரைக்கு வந்தா நான் நேரா வீட்டுக்கு வந்ததில்ல," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியாமல் போர்வையைப் பார்த்துச் சொன்னான். "துறைமுகக் குளியலறையில ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பேன். சட்டையை அங்கேயே விட்டுட்டு வேற சட்டை மாத்துவேன். அப்புறமும் வண்டில உட்கார்ந்திருப்பேன், அரை மணி, முக்கால் மணி. என் மேல இருக்கிறது எதுவோ அல்வில்டாவுக்கு ஆகலன்னு நினைச்சேன். அவ கதவுகிட்ட ஓடி வருவா. நான் கையைப் பின்னால வச்சுக்குவேன். நாலு வருஷம்."

அவன் மாரெனைப் பார்த்தான். "நீ பார்த்துட்டுதானே இருந்த."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கையைப் பின்னால் வைத்துக்கொள்வதைப் பார்த்து, நோயாளிக் குழந்தையை இவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தாள். அதை மனசில் வைத்துக்கொண்டு அவன் மேல் கோபமாகக்கூட இருந்தாள்.

உன்னால் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும். ஆனால் அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை.

"எதனாலன்னு எனக்குத் தெரியல தோர்கில்," என்றாள். "எனக்குப் பயமா இருந்தது. அதனால உன்கிட்ட சொல்லல. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

உள்ளறையில் இருமல் கேட்டது. முதலில் ஒன்று, பிறகு விடாமல். மாரென் பழக்கத்தில் ஓடப் போனாள். தோர்கில் அவளுக்கு முன்னால் போய்விட்டான்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். சரிந்த கூடாரத்துக்கு நடுவில் அல்வில்டா உட்கார்ந்திருந்தாள். தீரா அவளுடைய முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தோர்கில் குனிந்து மகளை இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். அவள் தலையை அவன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். அப்பா தூக்குவது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இருமலுக்கு நடுவிலும் அவன் முகத்தை ஒரு முறை விலகிப் பார்த்தாள்.

மாரென் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள். எப்படி வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டான். நான்கைந்து நிமிஷத்தில் மூச்சு சீரானது. அவன் குழந்தையைக் கீழே விடவில்லை.

தூக்கிக்கொண்டே அக்காவைக் கடந்து, மாரெனைக் கடந்து, காற்றுக்குள் இறங்கிக் காரை நோக்கிப் போனான். மாரெனை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.